மைதானத்தில் ஒரு கிடாமணி

பெஞ்சின் கால்களில் ஒன்று குட்டை. உட்கார்ந்த மாத்திரத்தில் யெல்காவுக்கு அது பிடிபட்டுவிட்டது. பிள்ளையை இடது தொடைக்கு மாற்றினால் ஒரு டக், வலது தொடைக்கு மாற்றினால் ஒரு டக். ஒரு தாளை நாலாக மடித்து அடியில் சொருகினால் தீர்ந்துபோகிற சங்கதி, இந்த ரகசியப் போலீஸ் கட்டடத்தில் காகிதத்துக்கா பஞ்சம், ஸ்பிளிட் நகரத்தில் யார் என்றைக்கு எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்களாம், அதில் ஒன்றைக் கிழித்தால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், சிரிக்கக் கூடாத இடமாகப் பார்த்து வரும், கல்யாணத்தன்று பாதிரியார் மோதிரத்தைக் கீழே போட்டுவிட்டுப் பூனை மாதிரித் தவழ்ந்து தேடியபோது வந்ததே, அந்த மாதிரி. உதட்டைக் கடித்து அதை விழுங்கின நேரத்தில்தான் நடைக்கூடத்தின் கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். ஈரக் கம்பளியைக் கல்லில் போட்டு அடிக்கிற சத்தம். அடி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அடி. துவைக்கிறவளுக்குத் தெரியும், இரண்டு அடிக்கு நடுவில் துணியைப் புரட்டிப் போட நேரம் வேண்டும். புரட்டிப் போடுகிறார்கள். வின்கோவைப் புரட்டிப் போடுகிறார்கள். கணவன் யூரேயின் தம்பி வின்கோ, இருபது வயசு, ஸாக்ரெபில் காலேஜ் படிக்கிறவன், மூன்று நாளைக்கு முன்னால் விடிகாலையில் வந்து கூட்டிப் போனார்கள், காலில் ஒரு செருப்போடுதான் போனான், இன்னொன்று இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மைதானத்தில் மணியடித்துக் கூட்டத்தை ஏவிவிட்டவன் நான்தான் என்று ஒத்துக்கொள், அதைச் சொல்ல வைக்கத்தான் அடிக்கிறார்கள். மணியை அடித்தவள் இதோ, அதே நடைக்கூடத்தில், மடியில் எட்டு மாசப் பிள்ளையோடு, டக் டக் என்று பெஞ்சை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் இன்னாரென்று தெரிந்து அதைப் பார்த்தவன் வின்கோ ஒருத்தன்தான். வின்கோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கம்பளிச் சத்தம் நின்றிருக்கும்.

எதிர்ச் சுவரோரம் காவலுக்கு நிற்கிற ஆண்டே என்பவன் நாற்பது வயசு ஆள், ஒரு முட்டி மடங்காது, ஒரு காதின் விளிம்பு பனியில் கருகிச் சுருண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்து மலைக்காரன் என்பது பேச்சிலேயே தெரிந்தது, கடற்கரைக்காரர்கள் மென்று விழுங்குகிற எழுத்தையெல்லாம் அவன் கல்லாகத் துப்பினான். "பல்லு வருதா?" என்றான், பிள்ளை நெவென்கா தன் முஷ்டியைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து. "மேல ரெண்டும் கீழ ரெண்டும் ஒரே நேரத்துல வருது தோழர், சாப்பாட்டுக்கு என்னைத்தான் கடிக்குது." அவன் சிரித்தான். "எனக்கு நாலு பிள்ளைங்க. கடைசிது என் காதைக் கடிச்சிட்டே தூங்கும், இந்தக் காதைத்தான், உணர்ச்சியே கெடையாது, கடிச்சிக்கோன்னு விட்டுருவேன்." அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று, பிடித்துப்போனதே பயமாக இருந்தது. "மேட்ச் பாத்தீங்களா தோழர்?" என்று கேட்டுவிட்டாள், வாயைத் தைத்து வைத்திருக்க வேண்டாமா, கேட்டுவிட்டாள். "எங்க பாக்க? அன்னிக்கு இங்கதான் டியூட்டி. எங்க ஆளு ஒருத்தன் அங்க வேலி பக்கம் நின்னான். மேல ஏறி மிதிச்சிட்டுப் போயிருக்கானுங்க. ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணும் போயிரும்கிறாங்க. கல்யாணம் நிச்சயமானவன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு அதே குரலில், பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டுக்கொண்டே, "அந்த மணியடிச்ச நாயி மட்டும் என் கையில கெடைக்கட்டும் தங்கச்சி, அந்த மணியை அவன் தொண்டைக்குள்ள எறக்குறேன், நாக்கோட சேத்து." நெவென்கா அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். "பாரு, பாரு, கடிக்கிறா," என்றான்.

தொண்டைக்குள் எப்படி இறங்கும், அரை ரொட்டி அளவு மணி, என்று அவள் மனசு கணக்காக யோசித்தது. வாயைப் பிளக்க வேண்டும், தாடையைக் கழற்ற வேண்டும், ஆட்டுக்குத் தாடை கழற்றத் தெரியும் அவளுக்கு, கட்டைவிரலைப் பின்னால் விட்டு ஒரு நெம்பு, ஆளுக்கும் அப்படித்தான் இருக்கும். சீ. அதை விடு. வின்கோ வந்த நாளை நினை. ஸாக்ரெபிலிருந்து ராத்திரி பூரா ரயிலில் பாடிக்கொண்டே வந்த மாணவர் கூட்டத்தில் அவனும் ஒருத்தன், தொண்டை கட்டி வாத்து மாதிரிக் கத்தினான், "அண்ணி, எதாச்சும் சத்தம் போடுற சாமானா எடு, தட்டு, கரண்டி, ஊதுகுழல், எது இருந்தாலும் எடு." கோடையில் பிரேசிலில் உலகப் போட்டி நடந்ததாம், அங்கே ஜனங்கள் தாரை தப்பட்டை வாணவெடியோடு ஆட்டம் பார்த்தார்களாம், அவர்களுக்கு டோர்சிடா என்று பெயராம், நாமும் அதே பெயர் வைத்துக்கொண்டோம் என்றான். "அங்க வெடி வெச்சா இங்க நம்மள வெச்சிருவாங்கடா," என்றாள் அவள் மாவு பிசைந்துகொண்டே. அவன் காதில் வாங்கவில்லை. நம்ம ஹைதுக் கால்பந்து கிளப் பிறந்ததே மாணவர்கள் கையில்தான் அண்ணி, பிராக் நகரத்தில் பீர்க்கடை மேஜையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள், சண்டைக் காலத்தில் இத்தாலிக்காரன் ஊரைப் பிடித்துக்கொண்டு எங்க லீக்கில் ஆடு என்றான், மாட்டேன் என்று கடையைச் சாத்தினார்கள், அப்புறம் படகேறி வீஸ் தீவுக்குத் தப்பிப் போய், அங்கே மலைப் போராளிகளின் அணியாக, சட்டையில் சிவப்பு நட்சத்திரத்தோடு ஆடினார்கள், எகிப்து வரைக்கும் போய் ஆடினார்கள், இன்றைக்கு ஆட்சிக்கு வந்த அதே நட்சத்திரக்காரர்கள் நம்மை முறைக்கிறார்கள். ஸாக்ரெபில் கதையே வேறு, அங்கே கிராஜான்ஸ்கி என்று பெரிய கிளப், சண்டைக்காலத்தில் ஆடினீர்களே, யார் ஆட்சியில் ஆடினீர்கள் என்று கேட்டு, நாற்பத்தைந்தில் ஒரே உத்தரவில் கலைத்துவிட்டார்கள், காகிதங்களையெல்லாம் எரித்தார்களாம், ஆட்டக்காரர்கள் மட்டும் வேறு பெயருக்குள் மாறிப்போனார்கள், ஊரில் கிழவர்கள் இன்னும் புதுக் கிளப்பைப் பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், மெதுவாக. அவன் பேசப் பேச அவளுக்குப் பந்து ஒன்றும் கண்ணில் வரவில்லை, எரிகிற காகிதம் மட்டும் வந்தது, அவள் ஊர்த் தேவாலயத்தில் எரிந்த ஞானஸ்நானப் பதிவேடு, காற்றில் பறந்த கறுப்புத் துண்டுகள், ஒரு துண்டில் யாருடைய பெயரோ பாதி. பேச்சை நிறுத்த வேண்டுமே என்றுதான் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து அப்பாவின் மணியை எடுத்துக் கொடுத்தாள். மந்தைக்கு முன்னால் நடக்கிற கிடாயின் கழுத்து மணி. "இந்தா, இதைவிடச் சத்தமா பிரேசில்லயும் கெடையாது." சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே.

சிரித்துக்கொண்டேதான் மைதானத்துக்கும் போனாள், பிள்ளையைச் சால்வையில் கட்டிக்கொண்டு, யூரேக்குக் கப்பல்கட்டும் பட்டறையில் ஷிப்ட், கட்சிக் கூட்டம் வேறு, பெண்கள் போகிற இடமா என்று அவன் கேட்டதற்கு, கோல் போடுற எல்லாரையும் பெத்தது யாரு என்று கேட்டுவிட்டுப் போனாள். பெல்கிரேடிலிருந்து வந்த அணி, இதில் ஜெயித்தால் கோப்பையே கையில், மரப்பலகை மேடை முழுக்கத் தலை, விசில், கொம்பு, கிளுகிளுப்பை, தகரம், கிழக்குப் பக்கம் பூராவும் மலைக்காரர்கள், சண்டைக்குப் பிறகு ஊர் கருகிப்போய்ப் பட்டறை வேலைக்கு இறங்கி வந்தவர்கள், அவள் மாதிரியே. முதல் பாதியில் ஒருத்தன் முழங்கையை வீசினான், இன்னொருத்தன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டை வரைக்கும் ஒழுகியது, அதைத் துடைக்காமலே ஓடினான், அது அவளுக்குப் பிடித்திருந்தது, துவைக்கிறவளைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தாள், குளிர்ந்த தண்ணியில் உப்புப் போட்டு ஊற வை, சுடுதண்ணி ஆகாது. வின்கோவுக்கு மணியடிக்கத் தெரியவில்லை. பைத்தியக்காரி டப்பாவில் கரண்டியை விட்டுக் கலக்குகிற மாதிரி அடித்தான். அவளுக்குப் பல் கூசியது. அப்பா கேட்டிருந்தால் கையை ஒடித்திருப்பார். "குடுடா இப்படி," என்று பிடுங்கினாள். பிடுங்கியதுதான் பிசகு. இல்லை, பிடுங்கியது பிசகில்லை, பிடுங்கின பிறகு நன்றாகத்தானே அடித்தாள், மேய்ச்சல் நடை, டாங் விட்டு டாங், கிடாய் ஒவ்வொரு அடியாக மேடு ஏறுகிற நடை, முதலில் பக்கத்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள், பிறகு பலகையைக் காலால் உதைத்தார்கள், பிறகு மேடை முழுக்க அதே நடை, ஆயிரம் பேர் ஒரே கிடாயின் பின்னால், ஒருத்தன் திரும்பி, "அடி மகராசி, நீ அடி, ஆட்டத்தை நாங்க பாத்துக்கிறோம்!" என்று கத்தினான். நெவென்கா சால்வைக்குள் குலுங்கிச் சிரித்தாள். அத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. அது பிசகா?

கம்பளிச் சத்தம் நின்றுவிட்டது. நின்றது நல்லதா கெட்டதா. ஆண்டே கதவைப் பார்த்தான், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தான். பிள்ளை முனகியது, சால்வைக்குள் கையை விட்டுப் பால் கொடுத்தாள், நெவென்கா முதலில் கடித்தாள், வலி உச்சந்தலைக்கு ஏறியது, அந்த வலி நல்லாயிருந்தது, அது இருக்கிற வரைக்கும் வேறெதையும் நினைக்க வேண்டாம். யூரே நேற்று சொல்லிக்கொடுத்ததை நினை. மணி நம்மது இல்லைன்னு சொல்லு, முன்னப் பின்ன பாத்ததே இல்லைன்னு சொல்லு, நீ கெராமத்தாளு, உனக்கு ஒண்ணும் தெரியாது, அழு, பிள்ளையைக் கிள்ளி அழ வை. யூரேக்கு மணியை யார் அடித்தது என்று தெரியாது. தெரிந்தால் என்ன செய்வான், தம்பியை விடுவானா பெண்டாட்டியை விடுவானா. நெரிசலில் நழுவி இவர்கள் கையில் சிக்கிய மணியில் அந்தத் தோல் வார் மட்டும் இல்லாமலிருந்தால், வாரில் அப்பா சூடு போட்ட அடையாளம் இருக்கிறது, மூன்று கோடு, குறுக்கே ஒன்று, மலையில் யாரைக் கேட்டாலும் எந்த வீட்டு மந்தை என்று சொல்லிவிடுவார்கள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் வின்கோவுக்குத் தீவு. கடலுக்குள் மரமே இல்லாத தீவு ஒன்று இருக்கிறது, அங்கே கல்லை இங்கிருந்து அங்கே சுமக்கச் சொல்லி, அங்கிருந்து இங்கே சுமக்கச் சொல்லி, அப்படியே ஆளைத் தேய்த்துவிடுகிறார்களாம். ஆமாம் என்றால் அவளுக்கு அது. பிள்ளைக்கு? பால்குடி மறக்காத பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்வார்களா, பிடுங்கி அரசாங்க விடுதியில் போடுவார்களா, போன வருஷம் பக்கத்துத் தெரு டெய்லர் பெண்டாட்டியைக் கொண்டுபோனபோது பிள்ளையை ஒரு வண்டியிலும் அவளை ஒரு வண்டியிலும் ஏற்றினார்கள், இரண்டு வண்டியும் ஒரே தெருவில் எதிரெதிர்த் திசையில் போயிற்று. அப்படி யாராவது என் பிள்ளை மேல் கை வைத்தால், என்று நினைத்தாள், இந்த ஆண்டேயின் இடுப்பில் கத்தி இருக்கிறது, ஒரே எட்டு, காதுக்குக் கீழே, கிடாய்க்கு வெட்டுகிற இடத்தில், அழுத்தி முன்பக்கம் இழுத்தால் சத்தம் வராது, சூடாக முழங்கை வரைக்கும் வரும். நாலு பிள்ளைக்காரன். காதைக் கடிக்கக் கொடுக்கிறவன். அவள் கையைப் பார்த்தாள். கை பிள்ளையின் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது, தானாக, மூன்று ஒட்டி, ஒன்று விட்டு, மூன்று ஒட்டி. சட்டென்று நிறுத்தினாள்.

இந்தக் கைதான். கோல் விழுந்தபோது அடித்தது நானில்லை, இந்தக் கை. இதை எப்படி அந்த ஆபீசரிடம் சொல்வது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மோசோர் மலைச்சரிவில் அவள் ஊர் கிராபோவாவில் ஒரு ஏற்பாடு உண்டு, பட்டாளம் வருவது தெரிந்தால் முகட்டில் ஆடு மேய்க்கிறவன் கிடாயின் கழுத்திலிருந்து மணியைக் கழற்றி அடிக்க வேண்டும், மேய்ச்சல் நடை இல்லை, மூன்று ஒட்டி, ஒன்று விட்டு, மூன்று ஒட்டி, அதைக் கேட்டால் அடுப்பில் இருப்பது அடுப்பில், தொட்டிலில் இருப்பது கையில், ஊரே பாறைக்கு ஓடிவிடும். சுற்றி ஏழு ஊருக்கும் அதுதான் குறி. அன்றைக்கு முகட்டில் அப்பா. ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், கூட நம் பாஷை பேசுகிற ஆட்களும் வந்தார்கள், அப்பா அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார், நிறுத்திவிட்டுப் படுத்திருந்தால் பிழைத்திருப்பார், அப்பாவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. அவளுக்குப் பதினேழு வயசு, சோறு கொண்டுபோயிருந்தாள், இருபது அடி தள்ளி முள்ளுக்குள் கிடந்து பார்த்தாள். முதல் குண்டு கிடாய்க்கு. இரண்டாவது அப்பாவின் வாயில். வாய் இருந்த இடம் என்று சொல்ல வேண்டும். மணி உருண்டு அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. கீழே ஊரில் பாதிப் பேர் இன்னும் வாசலில் நின்று, மணி நின்றுவிட்டதே, பொய்க்குறியோ என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எடுத்தாள். எடுத்து அடித்தாள். ஓடிக்கொண்டே, விழுந்துகொண்டே, முட்டியில் தோல் உரிந்து எலும்பு தெரிய, மூன்று ஒட்டி, ஒன்று விட்டு, அப்பாவின் ரத்தம் வாரில் வழுக்க வழுக்க, நாற்பது வீட்டுக்காரர்கள் ஓடுகிற வரைக்கும் அடித்தாள். ஓடாதவர்களை வைக்கோல் கொட்டகையில் பூட்டிக் கொளுத்தினார்கள். அந்தக் கூக்குரல். ஆயிரம் தொண்டை ஒரே தொண்டையாகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கும் கோல் போட்ட சத்தத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்தான், அதைப் பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியும், அவள் கைக்குத் தெரியவில்லை.

கடைசி நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டம், பந்து வலைக்குள் போனதை அவள் பார்க்கவே இல்லை, யாரோ ஒருத்தனின் முதுகு எழும்பி மறைத்துவிட்டது. வின்கோவின் சேக்காளிகள் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தலைக்கு மேலே பிடித்தார்கள், பிரேசில்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம், கருகிய துண்டுகள் பறந்து வந்து நெவென்காவின் சால்வையில் விழுந்தன, புகை மூக்கில் ஏறியது, ஆயிரம் தொண்டை ஒரே தொண்டை. பலகை ஆடியது. கை அடித்தது. மூன்று ஒட்டி, ஒன்று விட்டு, மூன்று ஒட்டி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த மேடையில் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் அப்படியே செத்ததை அவள் பார்த்தாள். வாய் சிரிப்பிலேயே திறந்திருக்க, கண் மட்டும் வேறெங்கோ போயிற்று. பட்டறைத் தொப்பி போட்ட ஆம்பிளைகள். மீசைக்காரர்கள். பிறகு ஓடினார்கள். கோலைக் கொண்டாட ஓடினார்கள் என்று ரேடியோவில் சொன்னான், யாரோ ஏவிவிட்டு ஓடினார்கள் என்று இவர்கள் சொல்கிறார்கள், இரண்டும் இல்லை, பாறையைத் தேடி ஓடினார்கள், பாறை இல்லாத ஊரில் பச்சைப் புல்தான் இருந்தது, வேலியைப் பிய்த்துக்கொண்டு அதன் மேல் போனார்கள். அவளையும் தூக்கிக்கொண்டு போயிற்று கூட்டம், கால் தரையில் படாமலே வேலி வரைக்கும் போனாள், வேலி சாய்ந்திருந்தது, அதன் மேல் காலை வைத்தாள். மெத்தென்று இருந்தது. கம்பிக்கு அடியில் மெத்தென்று ஏதோ. அவள் போட்டிருந்தது கட்டைச் செருப்பு, குதிகால் மரம். அழுத்தி ஏறினாள், பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று நல்லா அழுத்தித்தான் ஏறினாள். கீழே ஒரு சத்தம், முட்டை ஓடு மாதிரி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினாள், குளிர்ந்த தண்ணியில், உப்புப் போட்டு. அந்தக் கண் எத்தனை பேர் காலுக்கடியில் போயிருக்கும், என் கால்தான் என்று யார் கண்டது, என்று பத்து நாளாகத் தனக்குத் தானே சொல்கிறாள். கல்யாணம் நிச்சயமானவனாம். எந்தக் கண், வலதா இடதா, என்று ஆண்டேயிடம் கேட்டுவிடுவோமோ என்று வாய் துடித்தது. கேட்டால் என்ன, வலது என்றால் நான் இல்லையா, இடது என்றால் நான் இல்லையா.

கடைசிக் கதவு திறந்தது. இரண்டு பேர் நடுவில் வின்கோ வந்தான், வந்தான் என்று சொல்ல முடியாது, அவர்கள் நடந்தார்கள், அவன் நடுவில் தொங்கினான். ஒரு பக்கக் கன்னம் பிசைந்த மாவு மாதிரி ஊதி, அந்தப் பக்கத்துக் கண் ஒரு கோடு. இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான், விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன, ஒரு கொத்துக் கேரட்டை யாரோ மிதித்த மாதிரி. அவளுக்கு நேராக வந்ததும் நின்றான். ஆண்டே "பேசக் கூடாது" என்றான், ஆனால் மெதுவாகத்தான் சொன்னான். "என்ன அண்ணி," என்றான் வின்கோ, வாத்துக்குரல் போய்க் காற்றுதான் வந்தது, "நெவாவுக்குப் பல்லு வந்துருச்சா?" "நாலு," என்றாள். "எனக்கு நாலு போயிருச்சு. கணக்கு சரியாப் போச்சு." சிரிக்கப் பார்த்தான். உதடு பிளந்து ரத்தம் வந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாழாய்ப்போன சிரிப்பு. தாண்டிப் போகும்போது அவன் தலையை இல்லை என்று ஆட்டினான். சொல்லாதே. கொழுந்தனுக்குக் கூட என் முகம் புத்தகம் மாதிரித் திறந்து கிடக்கிறதா. படித்த பிள்ளை, படிக்கத் தெரிந்திருக்கிறது. சொல்லாதே என்கிறான். சரி, சொல்லவில்லை. மணி நம்மது இல்லை. முன்னப் பின்ன பார்த்ததே இல்லை. அவள் பிள்ளையின் தொடையைக் கிள்ளுவதற்கு விரலைக் கொண்டுபோனாள். தொடை வெண்ணெய் மாதிரி இருந்தது. கிள்ள வரவில்லை. "உள்ள கூப்பிடுறாங்க தங்கச்சி," என்றான் ஆண்டே.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஆபீசர், வடக்கத்திப் பேச்சு, நகம் சுத்தமாக வெட்டியிருந்தான், அவன் அடிக்கிற ஆள் இல்லை, எழுதுகிற ஆள். ஓரத்தில் டைப் அடிக்கிற பெண். ஆண்டே கதவுக்கு உள்பக்கம் நின்றான். மேஜையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஆறேழு மணிகள், நடுவில் அப்பாவுடையது, மற்றதெல்லாம் குட்டி. "தோழர், இதுல எதையாவது தெரியுதா உங்களுக்கு?" தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "அது என்னுது," என்றது வாய். டைப் மிஷின் நின்றது. ஆபீசர் பேனாவை எடுத்தான். "நல்லது. நேர்மையா சொன்னீங்க. அப்ப இதைக் கொழுந்தனார் கையில குடுத்தது நீங்க." "குடுத்தேன். திருப்பி வாங்கிட்டேன்." "எப்போ?" "ஆட்டத்துக்கு நடுவுல." "ஏன்?" "அவனுக்கு அடிக்கத் தெரியல தோழர். கொல பண்ணான் மணிய." டைப் அடிக்கிற பெண் குனிந்துகொண்டாள். "அப்ப அடிச்சது யாரு?" "நாந்தான்." ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைக்கத் துடைக்க முகம் விரிந்து, சத்தமாகவே சிரித்துவிட்டான். "கைப்பிள்ளையோட? பால் குடுத்துகிட்டே ஏழாயிரம் பேரைக் கிளப்பி விட்டீங்களா? வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்து அனுப்பினாரா? தம்பிய மீட்டுட்டு வான்னு?" "அவருக்குத் தெரியவே தெரியாது." "தோழர், கேளுங்க. கூட்டத்தை ஓட வெச்ச குறி அது, பழகினவன் குடுத்த குறி. ஒரு ஏற்பாட்டோட குடுத்தது. ஆடு மேய்க்கிற பொம்பளைக்கு அது வராது. உங்க கொழுந்தன் ஒத்துக்கிட்டான். கையெழுத்தும் போட்டுட்டான்." "எந்தக் கையால?" என்று கேட்டாள். ஆபீசரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. பிறகு, ஒரு பூனைக்குப் பால் தட்டைத் தள்ளுகிற மாதிரி, இரண்டு விரலால் மணியை அவள் பக்கம் தள்ளினான். "அடிங்க. கேக்கிறேன். அடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க, பிள்ளைக்குப் பசிக்கும்."

பிள்ளையை இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலது கையால் எடுத்தாள். கனம் நேரே மணிக்கட்டில் உட்கார்ந்தது, பழைய வீட்டுச் சாவி மாதிரி. வேண்டாம், மேய்ச்சல் நடையை அடித்துவிட்டு, தெரியலை தோழர், மன்னிச்சுக்கோங்க என்று வீட்டுக்குப் போய்விடலாம், போகத்தானே சொல்கிறான், மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், புளித்துப் பொங்கிவிடும். வின்கோவின் விரல்கள். கம்பிக்கடியில் மெத்தென்று. அப்பாவின் வாய். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. கண்ணை மூடினாள், இந்த முறை கை அடிக்கட்டும் என்று விடவில்லை, தானே அடித்தாள். மூன்று ஒட்டி. ஒன்று விட்டு. மூன்று ஒட்டி. சின்ன அறை, சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து காதைக் கிழித்தது, ஜன்னல் கண்ணாடி பாடியது. இடுப்பு லேசாயிற்று. கண்ணைத் திறந்தபோது நெவென்கா அங்கே இல்லை. கதவு சுவரில் அடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நடைக்கூடத்தில் ஒரு மடங்காத முட்டியின் பூட்ஸ் சத்தம், தட் தட தட், படிக்கட்டில் இறங்கியது, கூடவே நெவென்காவின் குரல், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. மலையில் அந்த மணி கேட்டால் யாரும் தன் பிள்ளையைத் தேடமாட்டார்கள். தேடினால் இரண்டு பிள்ளையும் சாகும். கைக்கு எட்டுகிற பிள்ளை யாருடையதானாலும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எது யாருடையது என்பதைப் பாறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டே யோசிக்கவில்லை. அந்தக் கருகின காதுக்குள் அது போயிற்று, கால் கிளம்பிவிட்டது.

ஆபீசர் பாதி எழுந்த நிலையில் நின்றான். கண்ணாடி கையில், கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மணியைப் பார்த்தான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இருந்த சுவடே இல்லை. உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டான். "அந்த மாணவன் தாளைக் கிழிச்சிரு," என்றான் டைப் அடிக்கிற பெண்ணிடம், "ஆளை வெளிய விடச் சொல்லு. புதுத் தாள் போடு." மிஷினுக்குள் தாள் சுழலும் சத்தம். கீழே தெருக்கதவு திறந்து அறைந்தது. கல் பாவிய தெருவில் பூட்ஸ் சத்தம் தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. நொண்டி என்றாலும் நல்லா ஓடுகிறான், என்று நினைத்தாள். நிற்காதே ஆண்டே. எங்கே நிற்கிறோம் என்று யோசிக்காதே, யோசித்தால் திரும்பி வந்துவிடுவாய், உன் நாலோடு ஐந்தாகப் போட்டுக்கொண்டு ஓடு, காதைக் கடிக்கக் கொடு. பால் கட்டி ரவிக்கை நனைவது தெரிந்தது. "பேர்?" என்றான் ஆபீசர், முன்பே எழுதியிருந்தும், புதுத் தாளுக்காக. அவள் மணியை மேஜையில் சத்தம் வராமல் வைத்தாள். இந்தத் தாள் நிறைகிற வரைக்கும் ஆண்டேயின் பின்னால் ஆள் போகாது. பெயரை, தகப்பன் பெயரை, ஊரை, ஒவ்வொரு எழுத்தாக, இடையில் நிறுத்தி நிறுத்தி, முதலில் சொன்னதைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்தித் திருத்தி, அவனால் எவ்வளவு மெதுவாக எழுத முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.